தன் கையால் உண்ணட்டும், தன் காலில் நிற்கட்டும்!

(சமயபுரத்தில், அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர்கள் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பொழுது சாய்ந்த பிறகு இந்தக் கூட்டத்தை வைத்திருக்கிறோம். பகலில் வைத்தால் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற தாய்மார்களுக்கு அன்றைய கூலி போய்விடும். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளில் மூட்டை தூக்குகிற தோழர்களுக்கு வேலை போய்விடும். உழைத்துக் களைத்த உடம்போடு, குழந்தையையும் இடுப்பில் சுமந்துகொண்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே அலங்காரப் பேச்சு வேண்டாம். நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

இங்குள்ள குழந்தைகளில் சிலருக்கு வயது ஏறியும் பேச்சு வரவில்லை. சிலருக்குக் கையும் காலும் சொன்னபடி கேட்பதில்லை. சிலர் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. டாக்டர்கள் இவற்றுக்கு அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் என்று தனித்தனிப் பெயர்கள் சொல்லுகிறார்கள். பெயர்கள் வேறு வேறு. ஆனால் பெற்றவர்கள் நெஞ்சில் இரவும் பகலும் அறுத்துக்கொண்டிருக்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “நம் காலத்துக்குப் பின்னால் இந்தப் பிள்ளைக்கு யார்?”

இந்தக் கேள்விக்கு ஒரு பாதிப் பதில் சர்க்காரிடமும் சமூகத்திடமும் இருக்கிறது. அதைக் கேட்டுப் போராடிப் பெற வேண்டும். மறுபாதி நம் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது. தன் கையால் சோறு உண்ணவும், தன் துணியைத் தானே உடுத்தவும், கழிப்பறைக்குத் தானே போகவும் கற்றுக்கொண்ட பிள்ளை, நாளைக்கு யாருடைய தயவிலும் முழுக்க முழுக்க விழுந்து கிடக்க வேண்டியதில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

பாவமும் அல்ல, சாபமும் அல்ல

முதலில் ஒரு பாரத்தை இறக்கி வைப்போம். “முன்பிறவிப் பாவம்”, “தாய் செய்த குற்றம்” என்று ஊரார் சொல்லுகிறார்களே, அது அத்தனையும் பொய். பிரசவ நேரத்தில் குழந்தைக்கு மூச்சுத் திணறினால் மூளைக்குப் பிராணவாயு போகாமல் பாதிப்பு வரும். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை கடுமையாகி, சிகிச்சை கிடைக்காமல் போனால் பாதிப்பு வரும். மூளைக்காய்ச்சலால் வரும். கர்ப்பிணியின் உணவில் அயோடின் சத்துக் குறைந்தால் வரும். கருத்தரிக்கும்போதே செல்லில் ஏற்படும் மாறுதலால் டவுன் சிண்ட்ரோம் வரும். நெருங்கிய உறவுக்குள் மணம் செய்வதால் சில பரம்பரைக் கோளாறுகளின் வாய்ப்பு கூடும். பல குழந்தைகளுக்குக் காரணம் இன்னதென்று மருத்துவத்தாலேயே சொல்ல முடிவதில்லை. இதில் தாயின் பாவம் எங்கே வந்தது? இந்தக் காரணங்களில் சிலவற்றுக்குப் பின்னால் நிற்பது வறுமையும், காலத்தில் கிடைக்காத வைத்தியமும்தான்.

இன்னொன்று. மனநோய் வேறு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு வேறு. மனநோய்க்கு மருந்து உண்டு. வளர்ச்சிக் குறைபாட்டுக்கு வேண்டியது பயிற்சி. வலிப்பு, தைராய்டு குறைவு போன்றவை கூடவே இருந்தால் அவற்றுக்கு மருந்து அவசியம். டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது. ஆனால் பிள்ளையைச் சட்டை போட வைக்கும் மாத்திரை எந்தக் கடையிலும் இல்லை. அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லி லேகியமும் ஊசியும் விற்கிறவன் நம் கூலிக்காசைப் பறிக்க வந்தவன்.

நாம் வசிப்பது சமயபுரத்தில். ஆத்தாளுக்குப் பூச்சொரிதல் நடக்கிறது. பக்தர்களுக்காக அம்மனே 28 நாள் பச்சைப் பட்டினி இருப்பதாக நம்புகிற ஊர் இது. நாலா திசையிலிருந்தும் நோய் தீர வேண்டி நடந்து வருகிறார்கள். யாருடைய நம்பிக்கையையும் இழித்துப் பேச நாம் வரவில்லை. மொட்டை போடுங்கள், அக்கினிச் சட்டி எடுங்கள். அது உங்கள் மனம். ஆனால் வேண்டுதலை நம்பிப் பயிற்சியைத் தள்ளிப் போடாதீர்கள். குழந்தையின் முதல் ஆறு ஆண்டுகள் விதைக்கிற பருவம். பருவம் தப்பி விதைத்தால் என்ன ஆகும் என்று விவசாயத் தொழிலாளிக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. அதற்காக, வயது பதினைந்து ஆகிவிட்டதே என்று கைவிடவும் வேண்டாம். பிந்திய நடவிலும் விளைச்சல் உண்டு. பாடு மட்டும் சற்றுக் கூடும்.

கயிறும் சங்கிலியும்

சொல்லத் தயங்கும் ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். வேலைக்குப் போகிற தாய், பிள்ளையைக் கட்டில் காலில் கட்டிவைத்துவிட்டுப் போகிறாள். கதவைப் பூட்டிவிட்டுப் போகிறாள். அவள் கல்நெஞ்சக்காரியா? இல்லை. கட்டாவிட்டால் பிள்ளை வாய்க்காலில் விழும், ரோட்டுக்கு ஓடும். வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. அந்தக் கயிற்றை அவள் கையில் கொடுத்தது வறுமை.

ஆனாலும் கட்டுவது எங்கே கொண்டு போய் விடும்? 2001 ஆகஸ்டு 6-ந்தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் விடுதியில் தீப்பிடித்தது. அங்கே இருந்தவர்கள் மனநோயாளிகள். காலில் சங்கிலி இருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் வெந்து மடிந்தார்கள். சுப்ரீம் கோர்ட்டே தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கட்டப்பட்ட மனிதன் நெருப்பிலிருந்தும் தப்ப முடியாது என்பதை அந்த 28 உயிர்கள் நமக்குச் சொல்லிவிட்டுப் போயின.

ஆகவே கயிற்றை அவிழ்க்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகளும் சேர்ந்தே வேண்டும். ஒன்று, தாய் வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பகல் நேர மையம். மற்றொன்று, பிள்ளைக்குப் பயிற்சி.

சென்னையில் உருவான ஒரு பட்டியல்

பயிற்சி என்றதும் இது ஏதோ வெளிநாட்டு வித்தை என்று நினைக்காதீர்கள். சென்னையில் விஜய் ஹியூமன் சர்வீசஸ் என்ற நிறுவனத்தைச் சேர்ந்த பி. ஜெயச்சந்திரன், விமலா ஆகியோர் சென்ற நூற்றாண்டிலேயே ஒரு முறையை வகுத்தார்கள். “மெட்ராஸ் வளர்ச்சித் திட்ட முறை” என்று அதற்குப் பெயர். அன்றாட வாழ்க்கைக்கு வேண்டிய திறமைகளை 18 துறைகளாகப் பிரித்து, துறைக்கு 20 வீதம் 360 செயல்களாக எழுதினார்கள். சாப்பிடுவது, உடுத்துவது, குளிப்பது, கழிப்பறை போவது, பேச்சைப் புரிந்துகொள்வது, காசு அறிவது, நேரம் அறிவது, வீட்டு வேலை செய்வது, வெளியில் போய் வருவது எல்லாம் அதில் உண்டு. இந்தியாவின் பல சிறப்புப் பள்ளிகளில் இது பயன்பட்டு வந்திருக்கிறது.

அந்தப் பட்டியலில் உள்ள பெரிய விஷயம் என்ன தெரியுமா? “இவன் மந்தம்”, “இவளுக்கு ஒன்றும் வராது” என்று எழுத அதில் இடமே கிடையாது. ஒவ்வொரு செயலுக்கும் நேரே, செய்கிறான் அல்லது இன்னும் செய்யவில்லை, இவ்வளவுதான். செய்வதை எண்ணிக் கணக்கு வைத்து, அதற்கு அடுத்ததைக் கற்றுக்கொடு என்கிறது அந்த முறை. “மடையன்” என்று சொன்னால் மேலே செய்ய ஒன்றும் இல்லை. “டம்ளரைப் பிடிக்கிறான், தூக்கிக் குடிக்க இன்னும் வரவில்லை” என்று சொன்னால், நாளைக் காலையில் என்ன செய்ய வேண்டும் என்பது தாய்க்குத் தெரிந்துவிடுகிறது.

கற்றுக்கொடுக்கும் விதம்

நடவு என்பது ஒரே வேலையா? நாற்றைப் பறிக்க வேண்டும், வேரில் மண்ணை அலச வேண்டும், முடி கட்ட வேண்டும், வயலுக்குச் சுமக்க வேண்டும், பிரித்து நட வேண்டும். புதிதாக வருகிற பெண்ணுக்கு ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கிறோமா? இல்லை. ஒவ்வொன்றாக, பக்கத்தில் நின்று, கையைப் பிடித்துக் காட்டுகிறோம். பிள்ளைக்கும் அதே வழிதான்.

நிஜார் போடுவதை எடுத்துக்கொள்வோம். எடுத்துப் பிடிப்பது ஒன்று. ஒரு காலை நுழைப்பது இரண்டு. மறு காலை நுழைப்பது மூன்று. முழங்கால் வரை ஏற்றுவது நான்கு. இடுப்புக்கு இழுப்பது ஐந்து. இதில் எதை முதலில் கற்றுக்கொடுப்பது? கடைசியை! நான்கையும் தாய் செய்யட்டும். முழங்காலில் நிற்கும் நிஜாரை இடுப்புக்கு இழுக்கும் வேலையை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். இழுத்துவிட்டானா? வேலை முடிந்தது, ஜெயித்துவிட்டான்! உடனே முதுகில் தட்டிக் கொடுங்கள். அது நன்றாக வந்தபின் நான்காவதையும் அவனிடம் விடுங்கள். இப்படிப் பின்னாலிருந்து முன்னாலே வந்தால், ஒவ்வொரு தடவையும் வேலையை முடித்தவன் பிள்ளையாகவே இருப்பான். முதலிலிருந்து தொடங்கினால் பாதியில் தோற்று அழுவான்.

நிஜாருக்கு நாடா வேண்டாம், எலாஸ்டிக் போதும். சட்டையில் சின்னப் பொத்தானுக்குப் பதில் பெரிய பொத்தான் தைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் தெரிய ஓர் அடையாளம் போடுங்கள்.

கொடுக்கும் உதவியைக் குறைத்துக்கொண்டே வரவும் வேண்டும். முதலில் அவன் கைமேல் நம் கை. பிறகு மணிக்கட்டு. பிறகு முழங்கை. பிறகு விரலால் காட்டினால் போதும். பிறகு ஒரு சொல். கடைசியில் சும்மா பக்கத்தில் நின்றாலே போதும். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லையே சொல்ல வேண்டும். அம்மா “போடு” என்றும், அப்பத்தா “மாட்டு” என்றும், அண்ணன் “ஏத்து” என்றும் சொன்னால் அந்தக் குழந்தை எதைத்தான் பிடித்துக்கொள்ளும்?

சாப்பாட்டுக்கு வருவோம். பலர் பாசத்தினால் பத்து வயதுப் பிள்ளைக்கும் ஊட்டிவிடுகிறோம். சிந்திவிடுவான், நேரமாகும், வேலைக்குப் போக வேண்டும் என்பதும் உண்மைதான். மூன்று வேளையும் வேண்டாம். அவசரமில்லாத இரவுச் சாப்பாட்டில் தொடங்குங்கள். தாய் ஊட்டி, கடைசி நாலு கவளத்தைப் பிள்ளை தன் கையால் எடுக்கட்டும். குழைந்த சோறு, இட்லி, வாழைப்பழம் கையில் நிற்கும், ரசஞ்சோறு ஓடிவிடும்.

மூளை முடக்குவாதக் குழந்தைகள் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. படுக்கவைத்தோ தலையை அண்ணாத்தியோ ஊட்டாதீர்கள். உணவு மூச்சுக்குழாயில் இறங்கும். நிமிர்த்தி உட்காரவைத்து, பாதம் தரையிலோ பலகையிலோ பதிந்து, தலை சற்று முன்னால் இருக்கும்படி செய்யுங்கள். கரண்டி பிடிக்க முடியாவிட்டால் அதன் காம்பில் துணியைத் தடிமனாகச் சுற்றிக் கட்டுங்கள்.

கழிப்பறைப் பழக்கத்துக்கு ஒரு வாரம் குறித்து வையுங்கள். எந்தெந்த நேரத்தில் நனைக்கிறான் என்று காலண்டரில் கோடு போடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சுவரில் கரிக்கோடு போடலாம். பிறகு அந்த நேரத்துக்குச் சற்று முன்னால் கூட்டிப் போங்கள். சாப்பிட்டபின் குடல் அசைவது இயற்கை. அது நல்ல சமயம். ஐந்து நிமிஷத்துக்கு மேல் உட்காரவைக்க வேண்டாம். ஆகாவிட்டால் திட்டவும் வேண்டாம். அடியினால் பிள்ளை கற்பது பயம் ஒன்றைத்தான்.

பேச்சு வராத பிள்ளைக்கும் சொல்ல வேண்டியது உண்டு. பாலையும் தண்ணீரையும் இரு கையில் காட்டி “எது?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். கண்ணால் பார்த்தாலும் கையை நீட்டினாலும் அதுவே அவன் பதில். கேட்பதற்கு வழி தெரியாத குழந்தைதான் பல சமயம் கத்துகிறது, கடிக்கிறது, தலையை முட்டிக்கொள்கிறது.

நமக்குத் தெரிந்த ஒரு நடவுத் தொழிலாளித் தாய் இருக்கிறாள். மகளுக்குப் பன்னிரண்டு வயது. தினமும் இரவு ஒரு வேளை என்று ஆரம்பித்தாள். சோறு பாயெல்லாம் சிந்தியது, மாமியார் முணுமுணுத்தாள். அறுவடை தொடங்குமுன் அந்தப் பெண் தட்டை முழுவதும் தானே காலி செய்தாள். பிறகு தட்டைக் கழுவவும் போனாள். “கழுவச் சொல்லி நாங்கள் கற்றுக்கொடுக்கவே இல்லை, பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்” என்று அந்தத் தாய் சொன்னாள். மிகவும் கடுமையான பாதிப்புள்ள சில குழந்தைகளுக்கு ஆயுள் முழுவதும் உதவி தேவைப்படும், அதையும் மறைக்கக் கூடாது. அவர்களும், சட்டை மாட்டும்போது கையைத் தூக்கிக் கொடுக்கக் கற்றுக்கொண்டால் அது ஒரு முன்னேற்றமே.

கருவிகளை நாமே செய்யலாம்

மெக்சிகோ நாட்டில் அஹோயா என்ற மலைக் கிராமத்தில் 1981-ல் “புரோஹிமோ” என்ற திட்டம் தொடங்கியது. அதை நடத்தியவர்கள் ஊனமுற்ற கிராமத்து இளைஞர்களே. மரக்கட்டை, மூங்கில், பழைய டயர் ஆகியவற்றைக் கொண்டு குழந்தைகளுக்கு வேண்டிய சாதனங்களைச் செய்தார்கள். அந்த அனுபவத்தை டேவிட் வெர்னர் 1987-ல் பெரிய புத்தகமாக எழுதினார். நம் தமிழ்நாட்டிலேயே, ஆய்க்குடியில் 1981-ல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர். அந்தச் சங்கம் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்புகிறது.

இங்கே நம்மிடம் மூங்கில் இல்லையா? தச்சுத் தோழர்கள் இல்லையா? நாலு கம்பு நட்டு இரண்டு மூங்கிலை இணையாகக் கட்டினால் நடை பழகும் கம்பி தயார். மூலையில் சாய்த்து உட்காரவைக்க மரப்பலகையால் நாற்காலி அடிக்கலாம். ஆலையில் வேலை செய்யும் தோழர்களுக்கு இது அரைநாள் வேலை.

பிள்ளை வளருகிறான்

குழந்தை குழந்தையாகவே இருக்காது. நம் ஊரைத் தொட்டு ஓடுகிறது சென்னை நெடுஞ்சாலை. ரோட்டைக் கடக்கும் பயிற்சியைச் சிறிய தெருவில் தொடங்கி, கையைப் பிடித்து, நின்று, இரு பக்கமும் பார்க்கப் பழக்குங்கள். தேர்க் கூட்டத்தில் தவறினால் என்ன செய்வது? பெயரையும் ஊரையும் சொல்லக் கற்றுக்கொடுங்கள். சொல்ல வராதவன் சட்டையின் உட்பக்கம் போன் நம்பரைத் தைத்துவிடுங்கள். கடைக்கு அனுப்பிப் பத்து ரூபாய்க்கு ஒரு சாமான் வாங்கிவரச் செய்யுங்கள். முதல் சில நாள் பின்னால் நின்று பாருங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு வருமுன்பே துணியோ பஞ்சோ வைத்து மாற்றப் பழக்குங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும், தன் உடம்பை யார் தொடலாம், யார் தொடக்கூடாது, “வேண்டாம்” என்று எப்படிச் சொல்வது என்பதைக் கற்றுக்கொடுங்கள். தன்னைத் தானே கழுவி உடுத்தத் தெரிந்த பிள்ளையை அந்தச் சாக்கில் தொட எவனுக்கும் வழியில்லை. சுயமாக இயங்குவது அவர்களுக்குப் பாதுகாப்பும் ஆகும்.

தயவு அல்ல, உரிமை

2011 ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம். தமிழ்நாட்டில் 11 லட்சத்து 79 ஆயிரம். இத்தனை பேரையும் ஏழைத் தாய்மார்களின் முதுகில் மட்டும் ஏற்றிவிட்டுச் சமூகம் கையைத் துடைத்துக்கொள்ள முடியாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19-ல் அமலுக்கு வந்தது. 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன. இதில் 21 வகை. நாற்பது சதவீதத்துக்குக் குறையாத குறைபாடுள்ள குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை, அக்கம்பக்கப் பள்ளியிலோ அல்லது விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை உண்டு. பலர் முன்னிலையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துகிறவனுக்கு ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை. 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பலவகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பின் சட்டபூர்வப் பாதுகாவலரை நியமிக்க, மாவட்டக் கலெக்டர் உள்ள குழுவிடம் மனு கொடுக்கலாம். “நமக்குப் பின் யார்?” என்ற கேள்விக்கு இது ஒரு சட்டப் பதில். அதே அறக்கட்டளையின் “நிராமயா” திட்டத்தில் ஒரு லட்ச ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வரும் ஒருவருக்கும் டிக்கட் இல்லை. மாதாந்தரப் பராமரிப்புத் தொகையும் இருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் முதல் சாவி அடையாள அட்டை. அட்டை வாங்காத வீடு இங்கே எத்தனை? கைதூக்குங்கள், வெட்கப்பட வேண்டாம். ஆபீசுக்கு நாலு தடவை அலைந்து நாலு நாள் கூலி போனதுதான் காரணம் என்று நமக்குத் தெரியும். இனித் தனியாக அலைய வேண்டாம், சேர்ந்து போவோம்.

காகிதத்தில் உள்ள சட்டம் தானே நடந்து வீட்டுக்கு வராது. ஆகவே நாம் கேட்பது இவை: ஒவ்வொரு ஒன்றியத்திலும் தாய்மார் வேலைக்குப் போகும் நேரத்தில் திறந்திருக்கும் பகல் மையம் வேண்டும். தொகுப்பூதியத்தில் வாடும் சிறப்பு ஆசிரியர்களை நிரந்தரமாக்கி, அவர்கள் வீடு தேடி வரும் நாட்களைக் கூட்ட வேண்டும். அங்கன்வாடி ஊழியருக்கு ஆரம்ப அறிகுறிகளைக் கண்டறியப் பயிற்சியும், அதற்குரிய ஊதியமும் வேண்டும். அட்டை வழங்கும் முகாம் ஊருக்கே வர வேண்டும். பராமரிப்புத் தொகை விலைவாசிக்கு ஏற்ப உயர வேண்டும்.

நாளை முதல்

கூட்டம் முடிந்து போகுமுன் மூன்று தீர்மானம் செய்வோம். ஒன்று, ஒவ்வொரு வீடும் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். அடுத்த மாதக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசுவோம். இரண்டு, பக்கத்துப் பக்கத்து வீட்டுத் தாய்மார்கள் முறைவைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி நடவுக்குப் போகும் நாளில் மற்றொருத்தி இரண்டு பிள்ளைகளையும் பார்க்கட்டும். மூன்று, தகப்பன்மார்களே! இது பெண்கள் வேலை என்று ஒதுங்காதீர்கள். ஆலையில் நூறு கிலோ மூட்டையைத் தூக்குகிற தோளுக்கு, தன் பிள்ளையின் கையைப் பிடித்து ஒரு கவளம் எடுக்கக் கற்றுக்கொடுப்பது பாரமா?

நெல்லை விளைவிக்கிறவர்கள் நாம். அதை அரிசியாக்குகிறவர்கள் நாம். அந்த அரிசியில் ஒரு பிடியை நம் பிள்ளை தன் கையாலேயே எடுத்து உண்ணட்டும். அதற்கு வேண்டிய பொறுமையை நாம் கொடுப்போம். வேண்டிய வசதியைச் சர்க்காரிடமிருந்து ஒன்றுபட்டுப் பெறுவோம்.